யாழ் கண்ட அடிகள்

இயல், இசை, நாடகம் என்னும் மூன்று பகுதிகளை உடையது நம் தமிழ். இவற்றுள் இயற்றமிழுக்கு உரிய பழைய நூல்கள் பல இன்றும் நம் கையில் உள்ளன. இசைத்தமிழுக்கு உரியனவோ பெரும்பாலும் மறைந்துபோயின. நூல்கள் மட்டுமா மறைந்தன? அந்நூல்கள் போற்றிய இசைக்கருவியும் மறைந்தது. பாணர் சுமந்துகொண்டு ஊர்தோறும் சென்ற கருவி அது. மன்னர் அவையிலும் மாதர் மாடத்திலும் கடற்கரைக் கானலிலும் ஒலித்த கருவி அது. அதன் பெயர் யாழ்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழந்தமிழ் நூல்கள் ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு ஏறலாயின. சீவக சிந்தாமணியை 1887 ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டை 1889 ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரத்தை 1892 ஆம் ஆண்டிலும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அவற்றிலே யாழின் உறுப்புகள் பலவாறு கூறப்பட்டிருந்தன. பத்தர் என்றும், கோடு என்றும், திவவு என்றும், நரம்பு என்றும் கற்றவர்கள் படித்தார்கள். ஆனால், யாழைக் கண்ணாற் கண்டவர் தமிழகத்தில் ஒருவரும் இலர். வீணைக்கே யாழ் என்பது பழைய பெயர் என்று சிலர் கருதினர். நெல்மணி நீங்கியபின் எஞ்சிய உமிபோல, பொருள் மறைந்தபின் சொல் மட்டும் எஞ்சி நின்றது.

இந்த நிலை கண்டு ஒருவர் உள்ளம் அமையவில்லை. யாழுக்கு எத்தனை நரம்புகள் இருந்தன? அவை எவ்வளவு நீளம் உடையன? எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டன? விரல் பட்டபோது அவை எந்தச் சுரத்தை எழுப்பின? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் பழைய பாட்டுகளுக்குப் பொருள் கூறுவது முறையன்று என அவர் எண்ணினார். அவரே விபுலானந்த அடிகள்.

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1892 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு மகனாக அடிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். எந்த நூல் அவரைப் பின்னாளில் யாழ் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியதோ, அந்தச் சிலப்பதிகாரம் அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

மயில்வாகனனார் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியரானார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பயின்றார். 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டமும் பெற்றார். தமிழ்ப் புலமை ஒருபுறம். கணக்கும் இயற்பியலும் வேதியியலும் மற்றொருபுறம். இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேர்வது அக்காலத்தில் அரிது. அச்சேர்க்கையால் தமிழுக்கு விளைந்த பயன் யாது என்பதை இனிக் காண்போம்.

யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும் கல்லூரித் தலைவராகவும் பணியாற்றிய மயில்வாகனனார், 1922 ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924 ஆம் ஆண்டில் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் பெற்றார். துறவு பூண்ட பின்னரும் தமிழை அவர் துறக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக மரபையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து மதங்க சூளாமணி என்னும் நூலை எழுதினார். நாடகத்தை ஆராய்வதற்காகச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அவர் ஊன்றிப் படித்தார். மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற யாழாசிரியனின் இலக்கணம் அக்காதையிலே கூறப்பட்டுள்ளது. நாடகத்தைத் தேடிச் சென்றவர் இவ்வாறு யாழின் வாயிலுக்கு வந்து சேர்ந்தார்.

1929 ஆம் ஆண்டில் அண்ணாமலை அரசர் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931 ஆம் ஆண்டில் விபுலானந்த அடிகள் பொறுப்பேற்றார். காவியுடை அணிந்த துறவி ஒருவர், பேராசிரியராக வகுப்பறையில் நின்று சங்க இலக்கியத்தையும் சிலப்பதிகாரத்தையும் கற்பிப்பதை மாணவர் கண்டனர். 1933 ஆம் ஆண்டு வரை அடிகள் அங்கே பணிபுரிந்தார்.

சிதம்பரம் அக்காலத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ளது. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை கடலூரைக் கடந்தே சிதம்பரத்தை அடைகிறது. கடலூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தேவாரம் பாடிய பெரியோரின் நினைவு நிலைத்துள்ளது. திருநாவுக்கரசர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூர் கடலூரின் ஒரு பகுதியே. அவர் பிறந்த திருவாமூரும் இம்மாவட்டத்திலேயே உள்ளது.

யாழுக்கும் இந்நிலப்பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. திருஞானசம்பந்தருடன் சென்று அவர் பாடல்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் பிறந்த ஊர் எருக்கத்தம்புலியூர். விருத்தாசலத்தை அடுத்துள்ள அவ்வூர் இன்று இராசேந்திரப்பட்டினம் எனப்படுகிறது. சம்பந்தர் தில்லையில் இருந்தபோது யாழ்ப்பாணர் அவரை வேண்டித் தம் ஊருக்கு அழைத்துச் சென்றார் எனப் பெரிய புராணம் கூறுகிறது. பின்னாளில் தில்லையில் தேவாரச் சுவடிகள் வெளிப்பட்டபோது, அவற்றுக்குப் பண் வகுப்பதற்கு யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியே துணையானாள் எனத் திருமுறை கண்ட புராணம் சொல்லுகிறது. யாழின் மரபு நெடுங்காலம் நின்று விளங்கிய நிலத்திலேயே அடிகள் பேராசிரியராக அமர்ந்தார்.

யாழை ஆராய்வதாவது அதன் நரம்பை ஆராய்வதே. இதனை நாம் நன்கு அறிந்துகொள்ள, இன்று கண்முன் உள்ள பிடில் என்னும் கருவியை நோக்குவோம். ஐரோப்பியரிடமிருந்து வந்த இக்கருவியை நம் இசைக்கு ஏற்றதாக்கியவர்களுள் முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். அவர் 1786 முதல் 1859 வரை வாழ்ந்தவர். பிடிலில் நான்கு தந்திகள் உண்டு. நான்கும் ஒரே நீளம் உடையன. எனினும் நான்கும் வெவ்வேறு சுரம் ஒலிக்க வேண்டும். நீளம் ஒன்றாயின், பருமனையும் இறுக்கத்தையும் மாற்றித்தான் சுரத்தை மாற்ற இயலும்.

பிடில் கற்கும் மாணவர் இதனைத் தம் விரலாலேயே உணர்வர். தந்தி அளவுக்கு மேல் இறுகியிருந்தால் விரல்நுனி நோகும். நெடுநேரம் வாசித்தால் தோலில் தடம் விழும். தந்தி தளர்ந்திருந்தால் விரலுக்கு மெத்தென்றிருக்கும். ஆயினும் ஒலி உறுதியின்றிக் குழையும். முற்காலத்தில் ஆட்டுக் குடலைத் திரித்துத் தந்தி செய்தனர். அது விரலுக்கு இதமானது, ஒலியும் இனிமையானது. ஆயின் ஈரக்காற்றுப் பட்டால் சுருதி மாறும். எளிதில் அறுந்தும் போகும். எஃகுக் கம்பி எளிதில் சுருதி கலையாது. ஆனால் அது விரலை உறுத்தும். மந்தரத் தந்திக்கு மிகுந்த பருமன் வேண்டும். வெறும் குடல்நாரை அவ்வளவு பருமனாக்கினால் அது விறைத்து நன்றாக ஒலியாது. ஆகவே 17 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் குடல்நாரின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் முறையைக் கண்டனர். அதனால் பருமன் மிகாமல் எடை மிகுந்தது.

நம் நாட்டுப் பிடில்காரர் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலின்மேல் ஊன்றி வாசிப்பர். கருவியைத் தாங்கும் சுமை இல்லாமையால் இடக்கை மேலும் கீழும் தடையின்றி ஓடுகிறது. கமகம் பிறப்பது அந்த ஓட்டத்தினாலேதான். எனவே விரல் வழுக்கிச் செல்வதற்கேற்ற வழவழப்பான தந்தி அவர்களுக்கு வேண்டும். காதுக்கு இனிய தந்தி ஒன்று, விரலுக்கு இனிய தந்தி வேறொன்று என்று இருத்தல் ஆகாது. இரண்டுக்கும் ஒருங்கே பொருந்துவதே நல்ல தந்தி.

இவ்வுண்மையைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். பொருநராற்றுப்படையில் யாழைப் புனைந்துரைக்கும் புலவர், குற்றம் நீங்கியதும் விரலால் தடவப்படுவதுமாகிய நரம்பைக் குற்றிய தினையரிசிக்கு ஒப்பிடுகிறார். உமி நீங்கி, மாசு நீங்கி, மழமழப்பாக விளங்கும் அரிசியைக் கையிலெடுத்துப் பார்த்தவருக்கே இவ்வுவமையின் நுட்பம் விளங்கும். நல்ல நரம்புக்கு நான்கு குற்றங்கள் ஆகா என்பது பழையோர் துணிபு. புரி செவ்விதாக அமையாத கொடும்புரி ஒன்று. இழையோடு மயிர் கலந்திருத்தல் ஒன்று. சிம்பாய்த் தும்பு எழுதல் ஒன்று. ஒவ்வாத முறுக்கு ஒன்று. இந்நான்கும் ஒலியைக் கெடுப்பன, விரலையும் உறுத்துவன.

சீவக சிந்தாமணியில் இதற்கு அழகிய எடுத்துக்காட்டு உண்டு. காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை உடனே வாசிக்கத் தொடங்கவில்லை. ஒவ்வொன்றாக ஆராய்கின்றான். மரத்தின் குற்றம் காட்டிச் சிலவற்றை ஒதுக்குகிறான். பின்பு நரம்பைப் புரி நெகிழ்த்து, உள்ளே மறைந்திருந்த மயிரை அவையோருக்குக் காட்டுகிறான். கருவியைத் தேர்ந்தெடுக்க அறியாதவன் இசைக்கவும் அறியான் என்பது இதனால் விளங்குகின்றது.

சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிக்கும் விரல்தொழில்கள் எட்டு எனக் கூறப்படுகின்றன. வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் வடித்தல் என்பது சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி, நரம்பின் அகமும் புறமும் ஆராய்தல். உந்தல் என்பது நரம்பை உந்திப் பார்த்து, அது வலிந்ததோ மெலிந்ததோ, நிரல்பட அமைந்ததோ அன்றோ என அறிதல். நரம்பைச் சோதிக்கும் விரலின் செயலுக்குத் தனித்தனியே பெயரிட்ட மொழி தமிழ். ஆயினும் கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை நமக்குக் கிடைக்கவில்லை. யாழின் நுட்பம் மிகுதியாக விளங்கவேண்டிய இடத்திலே விளக்கு அணைந்திருந்தது.

அந்த இருளில் அடிகள் கணிதத்தை விளக்காகக் கொண்டார். ஒலிக்கும் நரம்புக்கு இயற்கை வகுத்த விதிகள் உண்டு. ஒரே பருமனும் ஒரே இறுக்கமும் உடைய நரம்பை நீளத்தில் பாதியாக்கினால் சுரம் ஒரு மண்டிலம் உயரும். 60 செண்டிமீட்டர் நீளமுள்ள நரம்பு குரல் என்னும் சுரத்தை ஒலித்தால், 30 செண்டிமீட்டர் நரம்பு மேல்மண்டிலக் குரலை ஒலிக்கும். 40 செண்டிமீட்டர் நரம்பு இளியை ஒலிக்கும். நீளத்தை மாற்றாமல் ஒரு மண்டிலம் உயர்த்த வேண்டுமாயின் இறுக்கத்தை நான்கு மடங்கு ஆக்க வேண்டும். அவ்வளவு இறுக்கத்தை நரம்பும் பொறாது, விரலும் பொறாது. ஆகவேதான் வளைந்த கோட்டில் நரம்புகளைப் படிப்படியாக நீளம் குறையுமாறு கட்டினர் முன்னோர். நீளம் குறையக் குறையச் சுரம் உயர்ந்தது. ஆனால் எல்லா நரம்பும் விரலுக்கு ஏறத்தாழ ஒரே தன்மையாக இருந்தன.

நரம்பு என்னும் சொல்லுக்கே பழந்தமிழில் இரு பொருள் உண்டு. யாழில் கட்டிய தந்தியும் நரம்பே. அது எழுப்பும் சுரமும் நரம்பே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்கள். அவற்றுக்கு முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என மாத்திரைகள் கூறப்பட்டன; கூட்டினால் 22 ஆகும். இவ்வெண்களைப் பலர் மனப்பாடம் செய்திருந்தனர். அடிகளோ இவற்றை நரம்பின் நீள அளவோடு பொருத்திக் கணக்கிட்டார். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917 ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு, ஒரு மண்டிலத்துக்கு 24 சுருதிகள் எனத் துணிந்திருந்தார். அடிகள் 22 எனக் கொண்டு தம் கணக்கை அமைத்தார். அறிஞர் முடிபுகள் வேறுபடலாம். இருவரும் செவிவழிச் செய்தியை ஏற்று நில்லாமல், நரம்பை அளந்து உண்மை காண முயன்றவர்களே.

யாழ் ஏன் மறைந்தது? இதற்கு விடை காணச் சம்பந்தர் வரலாறு ஒன்று நமக்கு உதவுகின்றது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பாடலின் இசை யாழ்ப்பாணரின் கருவியில் அடங்கவில்லை. மனம் வருந்திய யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அவரைத் தடுத்தார். இது பெரிய புராணம் கூறும் நிகழ்ச்சி. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. மிடற்றிலே சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் நெளிந்து வரும் இசையைத் திறந்த நரம்பில் எழுப்புதல் அரிது. வீணையிலோ, பின்வந்த பிடிலிலோ, ஒரே தந்தியின்மேல் விரல் நகர்ந்து அவ்விசையைத் தருகிறது. விரலுக்கு மிகுதியாக இடம் கொடுத்த கருவிகள் நிலைத்தன. இடம் கொடாத யாழ் வழக்கொழிந்தது என்று நாம் கொள்ளலாம்.

ஆனால் உலகில் யாழின் சுற்றம் முற்றும் அழியவில்லை. அமராவதிச் சிற்பங்களில் வில்வடிவான யாழ் செதுக்கப்பட்டுள்ளது. சமுத்திரகுப்த மன்னன் வெளியிட்ட பொற்காசில் அவன் யாழ் வாசிக்கும் உருவம் உள்ளது. பண்டைச் சுமேரியரின் ஊர் என்னும் நகரத்தை 1920 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது அரசரின் புதைகுழிகளிலிருந்து நரம்புக் கருவிகள் வெளிப்பட்டன. பர்மாவில் சவுங் எனப்படும் வளைந்த யாழ் இன்றும் வழக்கில் உள்ளது. அதற்கு முன்னாளில் பட்டு நூலால் நரம்பு கட்டினர். ஆகவே, யாழ் என்பது வீணையின் மறுபெயர் அன்று; உலகின் தொன்மையான நரம்புக் கருவிகளின் குலத்தில் தோன்றிய தனிக்கருவி என்பது புலனாகும். வில்யாழ் தொடங்கி, 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் எனப் பல வகையாக அக்குலம் தமிழகத்தில் தழைத்திருந்தது.

அடிகள் ஓரிடத்தில் அமர்ந்து இவ்வாராய்ச்சியைச் செய்யும் வாய்ப்புப் பெற்றாரல்லர். 1933 ஆம் ஆண்டில் சிதம்பரத்தை விட்டு நீங்கியபின் பல கடமைகள் அவரைச் சூழ்ந்தன. மட்டக்களப்பில் இராமகிருஷ்ண சங்கத்தார் நடத்திய பள்ளிகளைப் பேணினார். அறிவியலைத் தமிழிற் கற்பிக்க வேண்டிக் கலைச்சொல்லாக்கப் பணியில் உழைத்தார். இமயமலைச் சாரலில் மாயாவதியில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக விளங்கினார். 1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். எங்குச் சென்றாலும் யாழ் பற்றிய குறிப்புகளும் கணக்கும் அவருடன் சென்றன. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அப்பணி தொடர்ந்தது. அதற்குள் அவர் உடல்நலம் குன்றலாயிற்று. நூல் முந்துமோ நோய் முந்துமோ என அன்பர்கள் கவலையுற்றனர்.

நூலே முந்தியது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழு பகுதிகளை உடைய யாழ் நூல் முற்றுப்பெற்றது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அதனை வெளியிட முன்வந்தனர். 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5, 6 ஆம் நாட்களில், சம்பந்தர் பாடல்பெற்ற திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நூல் அரங்கேறியது. அடிகளின் கணக்கின்படி செய்யப்பட்ட கருவிகளும் அங்குக் கொண்டுவரப்பட்டன. இசைப்புலமை உடையோர் அவற்றை மீட்டினர். எழுத்தில் மட்டும் வாழ்ந்திருந்த நரம்பு, மீண்டும் மனித விரல் பட்டு ஒலித்தது. நோயுற்ற உடம்போடு அடிகள் அதனைச் செவியாரக் கேட்டார்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அரங்கேற்றம் நிகழ்ந்து ஒன்றரை மாதம் ஆவதற்குள், 1947 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19 ஆம் நாள், கொழும்பில் விபுலானந்த அடிகள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. மட்டக்களப்பில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் நிலத்திலே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அடிகளின் முடிபுகள் அனைத்தையும் பின்வந்த அறிஞர் அப்படியே ஏற்றுக்கொண்டனர் எனல் இயலாது. சிலவற்றை ஏற்றனர்; சிலவற்றை மறுத்தனர்; பலவற்றை மேலும் ஆராய்ந்தனர். ஆராய்ச்சியின் இயல்பு அதுவே. எனினும், யாழைப் பற்றிப் பேசப் புகும் எவரும் அவர் நூலைக் கல்லாமல் மேற்செல்ல இயலாது. சொல்லை மட்டும் கற்றவர் பொருளை இழப்பர். அளவை மட்டும் கற்றவர் மரபை இழப்பர். இலக்கியம் காட்டிய சொல்லையும் அறிவியல் காட்டிய அளவையும் இணைத்து, அவ்விணைப்பு மெய்தானா என்பதை நரம்பைக் கட்டி மீட்டிக் காட்டியதே அடிகளின் பெருமை.

மாணவர்களே! உங்களுள் சிலர் பிடிலோ வீணையோ பயிலலாம். கடையில் தந்தி வாங்கும்போது அதைச் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் வைத்து மெல்ல உருவிப் பாருங்கள். தும்பு எழுந்துளதா, முறுக்கு ஒத்துளதா என்று ஆராயுங்கள். கட்டியபின் ஒலித்துப் பார்த்து, செவிக்கும் விரலுக்கும் ஒருங்கே பொருந்துகிறதா என்று அறியுங்கள். வடித்தல் என்றும் உந்தல் என்றும் நம் முன்னோர் பெயரிட்ட செயல்கள் இவையே. இசை பயிலாதவரும் இதனால் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. கற்கும் பொருள் எதுவாயினும், அதன் பெயரை அறிந்த அளவில் மனநிறைவு கொள்ளாமல், அளந்தும் தொட்டும் செய்தும் அதன் உண்மையை உணர வேண்டும்.